அத்தை வெட்டிய காசு

காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குத்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. பதுளையில் எங்கள் பாடசாலையில் இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் கன்டீன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். பதினோராம் வகுப்புக் கரும்பலகையில் நான் வரைந்த பட்டாணிச் செடிகள், நெட்டையும் குட்டையும், இன்னும் அழிபடவில்லை. கைபேசியில் மகள் தர்சினி.

"அப்பா, கொழும்பிலருந்து ரிப்போர்ட் வந்துருச்சு."

"ம்."

"எனக்கும் இருக்காம்."

அவள் அழவில்லை. "நீங்க டீ குடிங்க, பொறகு பேசுவோம்" என்று வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வயது.

அதற்கு முந்தைய வருடம் என் பெருங்குடலில் ஒரு முழம் வெட்டி எடுத்திருந்தார்கள். எடுத்ததைச் சோதித்தவர்கள், இது சும்மா வந்த புற்றுநோய் இல்லை, பரம்பரையாக இறங்குகிற வகை என்றார்கள். என் பிள்ளைக்கு அது இறங்கியிருக்கவும் கூடும், இறங்காமலும் இருக்கக் கூடும். காசைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பார்ப்பது போலத்தான். இருபத்தைந்து வருடமாகப் பட்டாணிச் செடியை வைத்துப் பரம்பரை கற்பித்தவன் நான். என் குடும்பத்தை ஒரு நாளும் கரும்பலகையில் வரைந்து பார்த்ததில்லை.

கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கடவுள் ஞாபகம் வரவில்லை. மனைவி ஞாபகம்கூட வரவில்லை. பெரியத்தைதான் வந்தாள். என் அப்பாவின் அக்கா. செத்து நாலு வருடம் ஆகிறது. இருந்திருந்தால் அவள் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

பெரியத்தைக்கு மறதி கிடையாது. ஞாபகசக்தி உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது வேறு. தனக்குக் கெடுதல் செய்தவர்களின் முகத்தை அவள் ஒரு காரியம்போலப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்வாள். பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், நாங்கள் மேட்டு லயத்தில் இருந்தோம். கீழே பணிய லயத்தில் சுப்பையா வீடு. தண்ணீருக்குப் பீலிக்கரைக்குப் போனால் அந்த வீட்டு வாசல் நேராகத் தெரியும். எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் ஐந்து வயது ஆனதும் அத்தை அதைப் பீலிக்குக் கூட்டிப் போய், தாடையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்புவாள்.

"அந்த மூஞ்சிய நல்லா பாத்துக்க. இருட்டுல கண்டாலும் அடையாளம் தெரியணும்."

நானும் பார்த்தேன். பனியனோடு ஒரு மனிதர் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். மூஞ்சி சாதாரண மூஞ்சிதான். ஆனாலும் அன்றிலிருந்து அந்த மனிதரைக் கண்டால் என் கை தானாகக் கல் தேடும்.

அத்தை வளர்த்த நாய்க்கும் சுப்பையா என்றுதான் பெயர். காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் சனம் எல்லாம் லயத்து வழியே இறங்குகிற நேரம் பார்த்து, வாசலில் நின்று கத்துவாள்: "டேய் சுப்பையா! ஊரான் வீட்டு எச்சிய நக்குற நாயே, வெக்கமில்ல உனக்கு?" நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். அதற்கு அவள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுப்பாள். ஒரு நாள் அந்த நாய் செத்துப்போனது. அத்தை வாசலில் உட்கார்ந்து, "ஐயோ சுப்பையா, போயிட்டியே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழ, யாரோ நாலு பேர் துக்கம் கேட்கப் பணிய லயத்துக்குத் துண்டோடு ஓடிவிட்டார்கள். அங்கே சுப்பையா உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு அத்தை சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. அப்படிச் சிரித்து வேறு நாள் நான் பார்த்ததில்லை.

பகை எங்கிருந்து வந்தது என்றால், மாரியம்மன் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று எங்கள் தாத்தாவுக்கும் சுப்பையாவின் அப்பாவுக்கும் வாய்ச்சண்டை. பிறகொரு நாள் எங்கள் வாசலில் ஊசி குத்திய எலுமிச்சம்பழம் கிடந்ததாம். ஆறு மாதத்தில் தாத்தா வயிறு வீங்கி, இரத்தம் போய், செத்துப்போனார். அடுத்து அவருடைய தம்பியும் அதே மாதிரி. செய்வினைதான் என்று லயமே சொன்னது. அதற்குப் பிறகு பெரியத்தைக்கு வந்த வரன்களும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. 'வயிறு சரியில்லாத குடும்பம்.' அவள் கடைசிவரை கல்யாணம் கட்டவில்லை. அதையும் சுப்பையா வீட்டுக் கணக்கில்தான் சேர்த்தாள்.

சாவு வீட்டில் அவள் அழமாட்டாள். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து விசாரிப்பாள். வலி எப்போது தொடங்கியது? எந்தப் பக்கம்? இரத்தம் போனதா? எத்தனை மாதம் கிடந்தார்? கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பானை பொங்கி வழியும்போது, மற்றவர்கள் 'பொங்கலோ பொங்கல்' என்னும்போது, அவள் சூரியனைப் பார்த்து இப்படிச் சொல்வாள்:

"எங்கப்பா நாப்பத்தி நாலு, வலது பக்கம், ஆறு மாசம். சித்தப்பா முப்பத்தொம்பது, வலது பக்கம், மூணு மாசம். அண்ணன் நாப்பத்தாறு, எடது பக்கம், ஒரு வருசம். தம்பி நாப்பத்தொண்ணு, வலது பக்கம், நாலு மாசம். கேட்டுக்க சாமி. நான் மறக்கல, நீயும் மறக்காத."

கடைசியாகச் சொன்ன தம்பிதான் என் அப்பா. அவர் போனபோது எனக்கு ஒன்பது வயது. பாடையை இறக்கிக்கொண்டு பணிய லயத்தைத் தாண்டும்போது சுப்பையா வீட்டிலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. எதற்குச் சிரித்தார்களோ. நான் அதை வைத்துக்கொண்டேன். அத்தை வளர்த்த பிள்ளை அல்லவா.

பிறகு நான் படித்தேன், வாத்தியாரானேன், பதுளையில் வீடு கட்டினேன். ஒரு பொங்கலுக்கு அவளிடம் சொன்னேன்: "அத்தை, செய்வினையும் இல்ல ஒண்ணும் இல்ல. குடிச்சா வயிறு கெடும்."

"உங்க பெரியப்பன் ஒரு சொட்டு குடிச்சதில்லையே?"

"சாப்பாடு சரியில்ல."

"ஒரே சட்டியில தின்ன எனக்கு ஏன் வரல?"

"அது... ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி."

"பக்கத்து வீட்டுல எவனுக்காச்சும் வந்துச்சா? எங்க வீட்டுல மட்டுந்தானே? நீ மாஸ்டரு. பதில் சொல்லு."

இப்போது நினைத்தால், அவள் கேட்டவை எல்லாம் சரியான கேள்விகள். குடி இல்லை, உணவு இல்லை, ஊர் இல்லை, இரத்தத்தில் மட்டும் வருகிறது என்பதை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கண்டுபிடித்திருந்தாள். எதிரி யார் என்பதில் மட்டும் தவறிவிட்டாள். விஞ்ஞானம் படித்த நான் அந்த அளவுகூட வரவில்லை. தோள்பட்டையைக் குலுக்கிவிட்டு பஸ் ஏறினேன்.

அவள் சொன்ன பட்டியலில் ஒரு பெயர் இருக்காது. அதற்குத்தான் நான் இன்னும் அவளை மன்னிக்கவில்லை.

பெரியத்தைக்கு ஒரு தங்கை. சின்னத்தை. அவள் யாரை விரும்பினாள் என்றால், அதே சுப்பையாவை. ஒரு நாள் கொழுந்துக்கூடையைக் கங்காணியிடம் ஒப்படைத்துவிட்டு, அப்படியே இறங்கிப் பணிய லயத்துக்குப் போய்விட்டாள். நான் பிறப்பதற்கு முந்திய கதை. அம்மா சொல்லித்தான் தெரியும். மறுநாள் செவ்வாய்க்கிழமை. பெரியத்தை தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு, பத்தாம் நம்பர் மலையில் இருக்கிற முனியாண்டி கோயிலுக்குப் போனாள். கல்லின்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் ஓங்கி வெட்டினாள்.

"எங்க வயித்த அறுத்தவன் வீட்டுல ஒருத்தர் பாக்கியில்லாம வயிறு அறுந்து சாகணும்."

பாதிக் காசைச் சூலத்தின் அடியில் புதைத்தாள். மற்றப் பாதியை முந்தானையில் முடிந்துகொண்டாள். காசு வெட்டிப் போட்டால் உறவு முறிந்தது. எடுத்து ஒட்ட வைக்க முடியாது. அந்தப் பாதியை அவள் சாகும்வரை சேலை மாற்றும்போதெல்லாம் முடிச்சு மாற்றி வைத்திருந்தாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு நாள், மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். கீழே சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்டது. கேதம் சொல்ல வந்த ஆள் மலை விளிம்பில் நின்று, தயங்கி, "ஒங்க தங்கச்சி போயிருச்சுங்க அக்கா. முப்பத்தெட்டுதான் ஆவுது" என்றார்.

அத்தையின் கை நிற்கவில்லை. பறித்துக்கொண்டே கேட்டாள்:

"எந்தப் பக்கம் வலின்னுச்சு?"

"வலது பக்கமாங்க."

"ரெத்தம் போச்சா?"

"போச்சாம். அஞ்சு மாசமாக் கெடந்துச்சு."

"சரி. நீ போ."

அவ்வளவுதான். சாவுக்குப் போகவில்லை. அந்திக்குக் கொழுந்து நிறுக்கும்போது அவள் கூடையில் பாதிக்குமேல் முத்தல் இலை. கணக்கப்பிள்ளை சனத்துக்கு முன்னால் வாயில் வந்தபடி ஏசினார். வேறு நாளாக இருந்தால் அந்த மனிதருக்குப் பத்து வருடம் நிம்மதி இருந்திருக்காது. அன்று அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவரை எதிரிகளில் சேர்க்கவும் இல்லை.

அடுத்த பொங்கலுக்கு நான் காத்திருந்தேன். அப்பா நாற்பத்து நாலு, சித்தப்பா முப்பத்தொன்பது, அண்ணன், தம்பி. அதோடு நிறுத்திவிட்டாள். வாய் மட்டும் இன்னும் ஏதோ சொல்ல இருப்பதுபோல் ஒரு கணம் திறந்திருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

அந்த ஒரு பெயரைச் சேர்த்திருந்தால், யாராவது கேட்டிருப்பார்கள்: செய்வினை வைத்தவன் வீட்டிலேயே அதே வலி, அதே பக்கம் எப்படி வந்தது என்று. அவளுடைய கதை முழுவதும் அந்தக் கேள்வியில் இடிந்து விழுந்திருக்கும். எங்களுக்குள் இருக்கிற எதிரியை நாற்பது வருடத்துக்கு முன்பே பார்த்திருப்போம். நான் ஐம்பது வயதில் இரத்தம் போகும்வரை இருந்திருக்க மாட்டேன். அவள் அதைச் சேர்க்கவில்லை. ஏனென்றால் தங்கையைக் கொன்றது தன் காசுதான் என்று நம்பினாள். இவ்வளவும் எனக்கு இப்போது புரிகிறது. புரிந்தும் கோபம் தணியவில்லை. பாவம் என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை, எனக்கு மகள் இருக்கிறாள்.

ரிப்போர்ட் வந்த பிறகு தர்சினியைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். பரம்பரை நோய்களைப் பார்க்கிற டொக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, குடும்பத்தில் யார் யார், எந்த வயதில், எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அத்தையின் குரல்தான் வந்தது. நாற்பத்து நாலு, வலது பக்கம், ஆறு மாதம். அவர் ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு சதுரம் வரைந்து கறுப்பு அடித்துக்கொண்டே போனார். பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"படிச்ச குடும்பங்களிலயே இவ்வளவு சரியா யாருக்கும் தெரியாது. யார் இதையெல்லாம் எழுதி வச்சது?"

"எழுதல டொக்டர். மனசுல வச்சிருந்தாங்க."

தர்சினிதான் கேட்டாள்: "இதுக்குத் தடுப்பூசி செய்யிறாங்கன்னு வாசிச்சேன். உண்மையா டொக்டர்?"

"சில நாடுகளில சோதிச்சுப் பாக்கிறாங்க. ஆரம்பந்தான். நோய் வந்த பிறகு போடுறது இல்ல, உங்கள மாதிரி வராதவங்களுக்கு. செல் பிரியும்போது வர்ற எழுத்துப் பிழைய திருத்துறதுக்கு உடம்புல ஒரு ஏற்பாடு இருக்கு. உங்க குடும்பத்தில அது பழுது. அதனால கெட்டுப்போற செல்லில விசித்திரமான துண்டுகள் உண்டாகும். இந்தப் பழுது உள்ளவங்க எந்த ஊரா இருந்தாலும், நிறையப் பேருக்கு அதே துண்டுகள்தான். அந்தத் துண்டுகள முந்தியே உடம்புக்குக் காட்டி வச்சா, பிறகு வர்றப்போ..."

"அடையாளம் தெரியும்" என்றேன் நான்.

"அதேதான் சார்."

பீலிக்கரையில் என் தாடையைப் பிடித்துத் திருப்பிய விரல்கள் ஞாபகம் வந்தன. அந்த மூஞ்சியை நல்லா பார்த்துக்க. அந்த விரல்களில் தேயிலைக் கறை. அவ்வளவு சரியான காரியத்தை, அவ்வளவு பிழையான முகத்தைக் காட்டிச் செய்திருக்கிறாள்.

"எப்ப கெடைக்கும்?" என்றாள் மகள்.

"தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். பலிக்காமலும் போகலாம். அதுவரைக்கும் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஒண்ணு முளைச்சா அப்பவே கிள்ளி எடுத்துரலாம்." டொக்டர் தாளைத் திருப்பினார். "இவ்வளவு பேர்தானா? வேற சகோதரங்கள் யாரும் இல்லையா?"

"அவ்வளவுதான்" என்றேன்.

என் வாயிலிருந்து அது எவ்வளவு இலகுவாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. தர்சினி என் பக்கம் திரும்பினாள். "ஓடிப்போன பாட்டி ஒருத்தங்க இருந்தாங்கன்னு அம்மா சொன்னாங்களேப்பா?"

டொக்டர் மறுபடி பேனாவை எடுத்தார். பெண்ணுக்கு ஒரு வட்டம். முப்பத்தெட்டு. கறுப்பு. அதன்கீழே ஒரு கோடு இழுத்து, "பிள்ளைங்க?" என்றார். ஒரு மகள் இருப்பது தெரியும் என்றேன். அவர் ஒரு கடிதம் எழுதி, தேதி போட்டு, ஒப்பம் வைத்து என் கையில் தந்தார். அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியது. "உடனே குடுத்துருங்க சார்."

நான் கொடுக்கவில்லை.

பசறை வீதியில் மண் சரிந்திருக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். தவணைப் பரீட்சை என்றேன். தீபாவளி கழியட்டும் என்றேன். அலுமாரியில் ஒரு சின்னத் தகரப் பெட்டிக்குள் அத்தையின் முந்தானையிலிருந்து எடுத்த பாதிக் காசு இருந்தது. அதற்குப் பக்கத்தில் கடிதத்தை வைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சுகம் இருந்தது. அப்பாவின் பாடை இறங்கும்போது சிரித்த வீடு. என் மகளுக்கு இறங்கியது அவர்களுக்கும் இறங்கியிருக்கட்டும். தெரியாமலே இருக்கட்டும். பரம்பரை என்றால் என்ன என்று கரும்பலகையில் விளக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து இப்படி நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்து மணிபோல வாசல் கேற்றில் சத்தம் கேட்டது. நாற்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண், இஸ்திரி போட்ட பருத்திச் சேலை, கையில் பிஸ்கட் பெட்டி. செருப்பைக் கேற்றுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு நின்றாள். எனக்கு யாரென்று சொல்லத் தேவைப்படவில்லை. பெரியத்தையின் தாடை.

"நான்தாம்ப்பா வரச் சொன்னேன்" என்றாள் தர்சினி, என் பின்னாலிருந்து. "நேத்து பஸ்ஸுல போய் அந்தக் கடுதாசிய குடுத்துட்டு வந்தேன்."

"உள்ள வாங்க" என்றேன்.

"வரலாமா சார்? ஒங்க வீட்டு ஆளுங்க எங்க வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டாங்கன்னு அம்மா சொல்லும்."

"வாங்க சித்தி" என்று தர்சினி கையைப் பிடித்து அழைத்துவந்தாள். வந்தவள் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒவ்வொரு பொருளாகப் பார்த்தாள்.

"அந்தக் காசு ஒங்ககிட்டதான் இருக்காம்ல சார்?"

எடுத்து வந்து மேசையில் வைத்தேன். கறுத்துப்போன அரை வட்டம். அவள் தொடவில்லை. குனிந்து பார்த்தாள்.

"இத்துனூண்டா?" என்றாள். "இதுக்கா எங்கம்மா சாகுறவரைக்கும் பயந்துச்சு? வயித்துல வலி வந்தா ஆசுபத்திரிக்குப் போகாது. அக்கா காசு வெட்டிருச்சு, டொக்டரு என்ன பண்ணுவாருன்னு சொல்லும். இப்ப எனக்கு வந்ததும் நானும் முனியாண்டிக்குத்தான் கோழி அறுத்தேன்."

"ஒங்களுக்கு..." என்று தொடங்கினேன்.

"வலது பக்கம்" என்றாள்.

தர்சினி என் தோளில் கை வைத்தாள். நாளைக்கே போவோம், நானே கூட்டிக்கொண்டு போகிறேன், எந்த டொக்டரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், இப்போது எத்தனையோ வழி இருக்கிறது, நான் இல்லையா உயிரோடு என்று ஏதேதோ சொன்னேன். வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, காசுக்குப் பக்கத்தில் வைத்தாள். டொக்டரம்மா போட்ட தேதியின்மேல் விரலை வைத்தாள். அந்த விரலிலும் தேயிலைக் கறை.

"இது எழுதி ரெண்டு மாசம் ஆவுது" என்றாள். "எனக்கு ரெத்தம் போக ஆரம்பிச்சு ஒண்ணர மாசந்தான் ஆவுது, மச்சான்."